லண்டன் நாடகங்களுக்கு அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?

வாசகர் கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறோம். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் நான், என் மனைவி, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், 68 வயதான என் அம்மா ஆகிய நால்வரும் முதன்முறையாக லண்டன் சென்று ஆறு இரவுகள் தங்க இருக்கிறோம். மகளுக்குப் பள்ளியில் நாடகமே இணைப்பாட நடவடிக்கை என்பதால் 'தி மவுஸ்டிராப்' உட்பட நான்கு நாடகங்கள் பார்க்க எண்ணியுள்ளோம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு மாலையில் நாடகம், இறங்கும் நாளன்றே முதல் நாடகம் என்பது திட்டம். அம்மா தஞ்சாவூர்ப் பகுதியில் மெலட்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் தெரியாது, முழங்கால் வலியும் உண்டு. மாலை வேளைகளில் அவரை ஹோட்டல் அறையிலேயே விட்டுச் செல்வதா? அழைத்துச் சென்றால் பணம் வீணாகுமா? விலை குறைந்த மேல்மாட இருக்கைகளை எடுக்கலாமா? இங்கிருந்தே பதிவு செய்வதா, அங்கே போய் வாங்கிக்கொள்வதா? நாங்கள் மூவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். அம்மாவிடம் இந்தியக் கடவுச்சீட்டும் நீண்டகால வருகை அனுமதியும் உள்ளன.

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும், உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். அவரை அறையில் விட்டுச் செல்ல வேண்டாம். அவசியம் நாடகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவர் மெலட்டூர்ப் பக்கம் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே நடைபெறும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகங்களை அவர் சிறு வயதில் பார்த்திருக்கக்கூடும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த நாடகங்கள் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றியவை. சுற்றுவட்டாரத்துத் தமிழ் மக்கள், தெலுங்கு அறியாதவர்கள் உட்பட, தலைமுறை தலைமுறையாக இரவெல்லாம் கண்விழித்து அவற்றைப் பார்த்து வருகிறார்கள். அவர்களுக்குப் பிரகலாதனின் கதை முன்பே தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக அவர்கள் அங்கே உட்காருவதில்லை, தூண் பிளந்து நரசிம்மம் வெளிப்படும் அந்தக் கணத்தை இன்றைக்கு எப்படி நடிக்கப் போகிறார்கள் என்பதற்காக உட்காருகிறார்கள். வேற்று மொழி நாடகத்தைப் பார்க்கும் பயிற்சி உங்கள் அம்மாவுக்கு உங்களைவிட அதிகமாகவே இருக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது, கதையை முன்கூட்டியே தமிழில் அமைதியாகச் சொல்லிவிடும் ஒருவர் மட்டுமே. அந்த வேலையை உங்கள் மகளிடம் ஒப்படையுங்கள். பாட்டிக்குக் கதை சொல்வதற்காகப் படிக்கும்போது அவளுக்கும் நாடகம் மனத்தில் ஆழப் பதியும்.

ஆனால் எந்த நாடகம் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள 'தி மவுஸ்டிராப்', 1952 முதல் லண்டனில் நடந்துவரும் துப்பறியும் நாடகம். பெருந்தொற்றுக் காலத்தில் மட்டுமே அதன் தொடர்ச்சி தடைபட்டது. ஓர் அறைக்குள் ஒருவரையொருவர் சந்தேகித்துப் பேசிக்கொள்ளும் பேச்சிலேயே அதன் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது. குற்றவாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாமென்று முடிவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே மரபு. அப்படியிருக்க, கதையை முன்பே சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துச் செல்வதில் பொருளில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மாறாக, 1999 முதல் லைசியம் அரங்கத்தில் நடந்துவரும் 'தி லயன் கிங்' இசை நாடகத்தை உங்கள் அம்மா எந்தச் சிரமமும் இல்லாமல் பின்தொடர்வார். அண்ணனைக் கொன்று அரியணையைப் பறிக்கும் சிற்றப்பன், ஊரைவிட்டு ஓடி வளரும் இளவரசன், அவன் திரும்பி வந்து உரிமையை மீட்பது என்ற பங்காளிப் பகைக் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். தொடக்கப் பாடலின்போது விலங்கு வேடமிட்ட கலைஞர்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலுள்ள நடைபாதைகள் வழியாகவே மேடைக்குச் செல்வார்கள். தரைத்தளத்தில் நடைபாதையோர இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையெட்டும் தூரத்தில் யானை அசைந்து போகும் அந்தக் காட்சிக்கு எந்த மொழியும் தேவையில்லை.

அதே நாடகம் 2011இலும் 2018இலும் சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் அரங்கத்துக்கே வந்ததே, அதற்காக லண்டன் வரை போக வேண்டுமா என்று உங்கள் மனைவி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் 2018இல்கூட உங்கள் மகள் மிகச் சிறியவள், அம்மா பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தவிர, ஊர் ஊராகச் செல்லும் குழு ஒரு நவீன அரங்கத்தில் நடத்துவதைப் பார்ப்பதும், சிவப்பு மெத்தை இருக்கைகளும் பொன்வண்ண அலங்கார வேலைப்பாடும் கொண்ட பழைய அரங்கத்துக்குள் அதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. லண்டனில் நாடகம் பார்ப்பதே ஊர் பார்ப்பதின் ஒரு பகுதி. இந்தக் கட்டடங்களையும் பார்க்கத்தானே போகிறீர்கள்?

இனி, இறங்கும் நாளன்றே நாடகம் என்ற திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை உடனடியாகக் கைவிடுங்கள். ஜூன் மாதத்தில் லண்டன் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு 7 மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை 7.30க்குத் திரை விலகும்போது உங்கள் உடலுக்கு அது பின்னிரவு 2.30 மணி, நாடகம் முடியும்போது விடியற்காலை 5 மணி. நள்ளிரவையொட்டி இங்கிருந்து புறப்படும் விமானத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் சரியாகத் தூங்காமல் பயணம் செய்து, காலை 6 மணியளவில் இறங்கி, பிற்பகல் வரை அறை கிடைக்காமல் வெளியே நடந்துவிட்டு, அதன்பின் இருட்டான அரங்கத்தில் மெத்தை இருக்கையில் உட்கார்ந்தால் யாராலும் கண்விழித்திருக்க முடியாது.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பயண ஏற்பாட்டுத் தொழிலில் நான் புதியவளாக இருந்தபோது, சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து புறப்பட்ட பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு முதல் நாள் மாலையிலேயே நாடகம் ஏற்பாடு செய்தேன். செலவைக் குறைப்பதற்காக உச்சி மாட இருக்கைகளை எடுத்தேன். குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். தெருவிலிருந்து தனி வாசல் வழியாக ஏறத் தொடங்கிய படிகள் முடிவதாகவே இல்லை. மூன்றாவது திருப்பத்தில் அவர் பித்தளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஒருவழியாக மேலே போய் உட்கார்ந்ததும், எதிரே கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல மேடை வெகு ஆழத்தில் தெரிந்தது. முன்வரிசையின் முதுகுப்பலகையில் அவர் முழங்கால்கள் அழுந்தியிருந்தன. இரண்டு கைகளாலும் இருக்கையின் ஓரத்தைப் பிடித்தபடி, கண்களை மூடிக்கொண்டு அவர் முதல் பாதி முழுவதும் உட்கார்ந்திருந்தார்; அவர் மனைவி அருகில் உறங்கிப்போயிருந்தார். இடைவேளையில் அவர் என்னிடம் குறைகூறவில்லை. "என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா, தலை சுற்றுகிறது" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் மேல்மாட இருக்கை பற்றிய உங்கள் கேள்விக்கு, உங்கள் அம்மா உடன் வரும் நாடகத்துக்கு அது கூடவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

லண்டன் அரங்கங்களில் பல, நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையவை. நம் ஊர் எஸ்பிளனேட் கலையரங்கில் மின்தூக்கி ஏறிச் சமதளமாக நடந்து இருக்கைக்குப் போய்ப் பழகிய நமக்கு, அவற்றில் பலவற்றில் எல்லாத் தளங்களுக்கும் மின்தூக்கி இல்லை என்பதை நினைத்துப் பார்ப்பதே கடினம். தரைத்தள இருக்கைகளை 'ஸ்டால்ஸ்' என்றும், அதற்கு மேலுள்ள முதல் மாடத்தை 'டிரஸ் சர்க்கிள்' அல்லது 'ராயல் சர்க்கிள்' என்றும், அடுத்ததை 'அப்பர் சர்க்கிள்' என்றும், உச்சியிலுள்ளதை 'பால்கனி' என்றும் அழைப்பார்கள். ஸ்டால்ஸ் என்றால் படியே இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. சில அரங்கங்களில் அது தெருமட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கிறது. அங்கே முதல் மாடமே தெருமட்டத்துக்கு நெருக்கமாக இருக்கும். எனவே இருக்கையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தந்த அரங்கத்தின் இணையப் பக்கத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரப்பட்டுள்ள உதவித் தொலைபேசி எண்ணை அழைத்து, 'முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா வருகிறார்; வாசலிலிருந்து இருக்கைக்கு எத்தனை படிகள், கழிவறைக்கு எத்தனை படிகள்' என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் பொறுமையாக எண்ணிக்கையோடு சொல்வார்கள். கழிவறையைப் பற்றிக் கேட்க மறக்க வேண்டாம். இடைவேளை ஏறத்தாழ இருபது நிமிடம்தான், பெண்கள் கழிவறை வரிசையோ பழைய அரங்கங்களில் மிக நீளமாக இருக்கும். தூண் மறைக்கும் இருக்கைகளையும் மாட விளிம்பு மறைக்கும் இருக்கைகளையும் பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். விலை குறைந்திருப்பதன் காரணத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான்கு நாடகங்களை இரண்டாகக் குறையுங்கள். மகளுக்காக மூன்றாவதாக ஒன்றை நான் சேர்த்துத் தருகிறேன். குடும்பத்தோடு பார்க்கும் முதல் நாடகத்தை மாலைக் காட்சியாக அல்லாமல் பிற்பகல் காட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பெரும்பாலான நாடகங்களுக்குப் புதன், வியாழன், சனிக்கிழமைகளில் ஏதேனும் இரு நாள்களில் பிற்பகல் 2.30 மணியையொட்டிக் காட்சி உண்டு. அந்த நேரம் உங்கள் உடலுக்கு இரவு 9.30, நாடகம் முடியும்போது நள்ளிரவு. ஊரில் இருக்கும்போது அந்த நேரம் வரை விழித்திருப்பது அம்மாவுக்கு வழக்கமில்லை என்றாலும், இரண்டு இரவு உறக்கத்துக்குப் பிறகு அது எளிதே. ஞாயிறு இரவு புறப்பட்டுத் திங்கள் காலை இறங்குவீர்களானால், புதன்கிழமைப் பிற்பகல் காட்சி பொருத்தமாக அமையும். மாலைக் காட்சியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். அன்று இரவு பத்து மணியளவில் அரங்கத்தைவிட்டு வெளியே வரும்போது மேற்கு வானில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு 9.20 ஆகும். ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டிப் பொழுது சாய்ந்துவிடும் ஊரிலிருந்து போகும் உங்கள் மகளுக்கு அதுவே ஒரு காட்சியாக இருக்கும்.

நேர வேறுபாடு மாலையில் எடுத்துக்கொள்வதைக் காலையில் திருப்பித் தந்துவிடும். முதல் மூன்று நாள்கள் நீங்கள் நால்வரும் விடியற்காலை நாலரை மணிக்கே விழித்துக்கொள்வீர்கள். அப்போதே பொழுது விடிந்துகொண்டிருக்கும். படுக்கையில் புரளாமல் எழுந்து, காலை ஆறு மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நில்லுங்கள். பகலில் நகரவே முடியாத அந்த இடத்தில், தேம்ஸ் நதியையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் அம்மா கூட்டத்தில் இடிபடாமல் பார்க்கலாம். காலையில் ஓரிடம், மதியம் ஓய்வு, அதன்பின் நாடகம் இருந்தால் நாடகம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடக நாளில் வேறு எந்தப் பெரிய இடத்துக்கும் போகக் கூடாது. லண்டன் கோபுரம் அரை நாளை விழுங்கிவிடும்; அதை நாடகமில்லாத செவ்வாய்க்கிழமை காலைக்கு ஒதுக்குங்கள். புதன்கிழமை காலையில் டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு மணி நேரம் போதும். நுழைவுக் கட்டணம் இல்லாததால் சிறிது பார்த்துவிட்டு வெளியேற மனம் தயங்காது, அங்கிருந்து நாடக அரங்கங்கள் உள்ள பகுதி அருகிலேயே இருக்கிறது.

வியாழக்கிழமையை அம்மாவுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது; இப்போது காட்சியில் உள்ளதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் கட்டணமில்லை. தஞ்சைச் சீமையில் பிறந்தவர் அதன் முன் நிற்கும்போது, அங்கே இருப்பது அவர் ஊருக்குப் பக்கத்துத் தெய்வம் என்ற நினைப்பில் கைகூப்புவார். நான் அழைத்துச் சென்ற முதியவர்கள் பலர் செருப்பைக் கழற்ற இடம் தேடியிருக்கிறார்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அதே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் திப்பு சுல்தானின் மரப்புலியும் உள்ளது. வீரனொருவனைப் புலி கவ்விக்கொண்டிருக்கும் அந்தப் பொறியைப் பார்த்த பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

உங்கள் மகளுக்கு நான் சேர்க்க விரும்பும் மூன்றாவது நாடகம் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தில். 1599இல் கட்டப்பட்ட மூல அரங்கம், 1613இல் ஒரு நாடகத்தின்போது வெடித்த பீரங்கியிலிருந்து பறந்த பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. இப்போதுள்ளது பழைய இடத்துக்கு அருகிலேயே மரத்தாலும் நாணல் கூரையாலும் மீண்டும் எழுப்பப்பட்டு 1997இல் திறக்கப்பட்டது. நடுமுற்றத்துக்குக் கூரை இல்லை. ஏறத்தாழ 700 பேர் அங்கே நின்றபடியே பார்ப்பார்கள். நின்று பார்க்கும் சீட்டின் விலை திறந்தபோது 5 பவுண்டாக இருந்து, பல ஆண்டுகள் மாறாமலே இருந்தது. இன்றும் லண்டனின் மிக மலிவான நாடகச் சீட்டுகளில் அதுவும் ஒன்று. மழை வந்தாலும் நாடகம் நிற்காது, குடை பிடிக்க அனுமதியில்லை, தரையில் உட்காரவும் விடமாட்டார்கள். ஆகவே மழைச்சட்டையும் நல்ல காலணியும் அவசியம். சற்று முன்னதாகச் சென்று மேடை விளிம்பில் கைவைத்தபடி நிற்கச் சொல்லுங்கள். நடிகர் குனிந்து தன் கண்ணைப் பார்த்து ஒரு வரியைச் சொல்லும்போது நாடகம் பயிலும் பிள்ளைக்குக் கிடைப்பதை நான் எழுதி விளக்க முடியாது. சனிக்கிழமைப் பிற்பகலில் நீங்களும் மகளும் அங்கே இருக்கும்போது, அம்மாவும் உங்கள் மனைவியும் ஹைகேட்டிலுள்ள முருகன் கோயிலுக்குச் சென்று வரலாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள் என்பதை மகள் இரவில் சொன்னால், மெலட்டூரிலும் ஆண்கள்தானே பெண் வேடம் கட்டுகிறார்கள் என்று பாட்டி சொல்லத் தொடங்குவார்; அந்தப் பேச்சை நீங்கள் இடைமறிக்காமல் கேளுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, லெஸ்டர் சதுக்கத்திலுள்ள 'டிகேடிஎஸ்' சாவடியில் தள்ளுபடிச் சீட்டுகள் கிடைக்கும், சில நாடகங்கள் அன்றன்று காலையில் மலிவுச் சீட்டுகளை வெளியிடும் என்பதெல்லாம் உண்மையே. தனியாகவோ இருவராகவோ செல்பவர்களுக்கு அவை நல்ல வழி. நால்வர் அருகருகே, படி குறைந்த இடத்தில் உட்கார வேண்டிய உங்களுக்கு அவை உதவா. அம்மா வரும் நாடகங்களுக்கு இங்கிருந்தே, அரங்கத்தின் சொந்த இணையப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். இடைத்தரகர் பக்கங்கள் தேடலில் முதலில் வந்து நின்று, அதே இருக்கைக்குக் கூடுதல் விலை கேட்கும். வெள்ளிக்கிழமை நாடகத்தை மகள் தேர்ந்தெடுக்கட்டும். வசனம் மேடையருகே எழுத்தில் தெரியும் காட்சிகள் குறிப்பிட்ட சில நாள்களில் உண்டு. பிரிட்டிஷ் உச்சரிப்பின் வேகம் உங்கள் மனைவிக்குக் கடினமாக இருக்குமென்றால் அந்த நாளைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: சிங்கப்பூரின் ஜூன் விடுமுறையின் முதல் வாரமும் இங்கிலாந்துப் பள்ளிகளின் மே மாத இறுதி விடுமுறையும் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று மோதும். அப்படியானால் அந்த வாரத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் நாடகங்களுக்கு வரும், விலையும் ஏறும். முடிந்தால் இரண்டாம் வாரத்தில் புறப்படுங்கள்.

லண்டன் சுரங்க ரயிலை சிங்கப்பூரில் நம் எம்ஆர்டி ரயிலைப் போல எண்ண வேண்டாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில்தான் படியில்லாமல் ரயிலை அடைய முடியும். நாடக அரங்கங்களுக்கு நடுவிலுள்ள கோவன்ட் கார்டன் நிலையத்தில் மின்தூக்கிக்குக் கூட்டம் சேரும். பொறுமையிழந்து படியில் ஏறினால் 193 படிகள். அம்மாவோடு செல்லும்போது பேருந்தையே நம்புங்கள்; தாழ்தளப் பேருந்தின் முன்பகுதியில் உட்கார்ந்து ஊரையும் பார்த்துக்கொண்டு போகலாம். நாடகம் முடிந்த இரவில் மட்டும் கறுப்பு டாக்சிக்குச் செலவிடத் தயங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது விசா. உங்கள் மூவருக்கும் விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடையவர்களும் மின்னணுப் பயண அனுமதி பெற்றிருக்க வேண்டும். மகளுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடைய அம்மாவுக்கு அந்த அனுமதி செல்லாது. வருகையாளர் விசாவே தேவை. சிங்கப்பூரிலிருந்தே விண்ணப்பித்து, நேரில் சென்று கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம் ஆகும். அவருடைய நீண்டகால வருகை அனுமதி எந்த நாள் வரை செல்லும் என்பதையும் பாருங்கள். பயணத்துக்கு நெருக்கத்தில் முடிவதாயிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். நாடகச் சீட்டுகளுக்குப் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதால், அம்மாவின் விசா கைக்கு வந்த பிறகே அவற்றை வாங்குங்கள்.

விசா வந்ததும் அரங்கத்தின் உதவித் தொலைபேசியில் அவர்கள் சொல்லும் படி எண்ணிக்கையையும், தர முன்வரும் வரிசை எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.